விதியும் ஐயமும்: கஞ்சிக்கோட்டு இருப்புப்பாதை உணர்த்தும் திட்டமிடல் பாடம்

திட்டமிடல் என்னும் சொல் வளர்ச்சிப் பணிகளில் ஈடுபாடு கொண்டோருக்கு நன்கு பழகியது. எய்த வேண்டிய இலக்கை வரையறுத்து, கைவசமுள்ள வளங்களைக் கணக்கிட்டு, எதை முன்னும் எதைப் பின்னும் செய்வது என ஒழுங்குபடுத்துவதே திட்டமிடல். பேராசிரியர் மகலனோபிஸ் வகுத்த மாதிரியை அடிப்படையாகக் கொண்ட இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956ஆம் ஆண்டில் தொடங்கியது. அதே ஆண்டின் கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கூடிய அறிஞர்கள் 'செயற்கை நுண்ணறிவு' என்னும் பெயரில் ஒரு புதிய ஆராய்ச்சித் துறைக்கு வித்திட்டனர். இலக்கை அறிந்து செயல்களை வரிசைப்படுத்தும் ஆற்றலைக் கணிப்பொறிக்கு அளித்தல் அத்துறையின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாயிற்று.

நாட்டின் திட்டமும் கணிப்பொறியின் திட்டமும் அளவால் வேறுபட்டவை. ஆயினும் இரண்டும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றே. திட்டத்தை விதிகளைக் கொண்டு வகுக்கிறோம். உலகமோ ஐயங்களால் நிறைந்திருக்கிறது. விதிகளை ஆராயும் துறை அளவையியல். ஐயத்தை அளந்து கூறும் துறை நிகழ்தகவு. இவ்விரண்டையும் ஒன்றிணைத்துத் திட்டமிடுவது எவ்வாறு என்பதை, கேரள–தமிழ்நாட்டு எல்லையில் நாள்தோறும் எழும் ஒரு சிக்கலைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

எல்லைப்புற இருப்புப்பாதை

பாலக்காட்டு நகருக்குக் கிழக்கே, கோவை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கஞ்சிக்கோடு, கேரளத்தின் முக்கியமான தொழிற்பகுதிகளுள் ஒன்று. பொதுத்துறை ஆலைகளும் தனியார் உருக்காலைகளும் இங்கு நிறுவப்பட்டன. 2015இல் தொடங்கப்பெற்ற பாலக்காட்டு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிலையான வளாகமும் இங்கேதான் அமைந்துள்ளது. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் ஊர் இது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாயின் வழியே, சென்னையையும் மேற்குக் கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை 1862இல் நிறைவுற்றது. கேரளத்திற்குச் செல்லும் ரயில்களில் பெரும் பகுதி இன்றும் இவ்வழியே செல்கின்றது. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையில் இப்பாதை 'ஏ', 'பி' என இரு தடங்களாகப் பிரிந்து காட்டின் ஊடே செல்கிறது. மனிதனின் வழியும் யானையின் வழியும் குறுக்கிடும் இடம் இதுவே.

2021 நவம்பர் 26ஆம் நாள் இரவு, நவக்கரைக்கு அருகில் மங்களூர்–சென்னை விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. இந்தியா முழுவதிலும் 2009–10 முதல் 2020–21 வரையிலான காலத்தில் ரயில் மோதி இறந்த யானைகள் 186. அவற்றுள் 62 அசாமிலும் 57 மேற்கு வங்கத்திலும் இறந்தவை. இழப்பு யானைக்கு மட்டும் உரியதன்று. 2025 டிசம்பர் 20ஆம் நாள் அசாமில் ராஜதானி விரைவு ரயில் யானைக் கூட்டத்தின்மீது மோதியபோது எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் தடம்புரண்டன. வேகமாகச் செல்லும் ரயிலை ஓட்டுநர் நினைத்த இடத்தில் நிறுத்த இயலாது. இருளில் விளக்கின் ஒளிக்குள் யானை தென்படும் வேளையில் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

இதற்கு நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்த தீர்வு, இரவு நேரத்தில் ரயில்களின் வேகத்தைக் குறைப்பதாகும். அண்மைக் காலத்தில் கருவிகளின் துணையும் நாடப்பட்டுள்ளது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில் ரூ.7.24 கோடி செலவில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு அமைப்பொன்றைத் தொடங்கியது. பன்னிரண்டு கோபுரங்களில் பொருத்தப்பட்ட வெப்பப்பதிவுக் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் இரு தடங்களையும் கண்காணிக்கின்றன. தண்டவாளத்திலிருந்து 150 மீட்டர், 100 மீட்டர், 50 மீட்டர் என்னும் தொலைவுகளுக்கேற்ப மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என எச்சரிக்கை தரம் பிரிக்கப்பட்டுள்ளது.

வடகிழக்கு எல்லை ரயில்வே 2022 முதல் வேறொரு முறையைச் செயல்படுத்தியது. தண்டவாளத்தை ஒட்டிப் புதைக்கப்பட்ட கண்ணாடியிழை வடத்தினுள் லேசர் ஒளித்துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. யானையின் காலடி நிலத்தை அதிர்விக்கும்போது, சிதறித் திரும்பும் ஒளியில் மாற்றம் ஏற்படுகிறது. திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு அதிர்வு எழுந்த இடம் கணிக்கப்படுகிறது. பாலக்காட்டு ரயில்வே கோட்டத்திலும் இத்தகைய அமைப்பை நிறுவும் பணி மேற்கொள்ளப்பட்டது.

கருவி ஒலி எழுப்புகிறது. அதன்பின் செய்ய வேண்டியது என்ன என்பதே திட்டமிடலின் வினா.

விதிகளின் வலிமையும் எல்லையும்

புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்தல் நம் முன்னோர் அறிந்த அளவை முறை. மணிமேகலைக் காப்பியம் பல்வேறு சமயத்தாரின் அளவைகளை விரிவாக எடுத்துரைக்கிறது. 'இது உண்மையாயின் அதுவும் உண்மை' என்னும் இத்தகைய தொடர்களைக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் முயற்சியே செயற்கை நுண்ணறிவின் தொடக்கம். 1969இல் ஜான் மக்கார்த்தியும் பாட்ரிக் ஹேஸும் நிலைமைகளையும் செயல்களையும் அளவையியல் வாய்பாடுகளால் குறிக்கும் முறையை விரிவாக விளக்கினர். 1971இல் ரிச்சர்ட் பைக்ஸ், நில்ஸ் நில்சன் ஆகியோர், ஒவ்வொரு செயலுக்கும் 'செய்வதற்கு முன் உண்மையாக இருக்க வேண்டியவை', 'செய்தபின் உண்மையாகிறவை' முதலிய பட்டியல்கள் அமைத்து, ஓர் இயந்திர மனிதன் தானே திட்டம் வகுக்க வழிசெய்தனர்.

ரயில்வேயில் அளவையியல் அதற்கும் முன்னரே வேரூன்றிய ஒன்று. ஒரு பிரிவில் ஒரு ரயில் இருக்கும் வரை மற்றொரு ரயிலுக்கு அங்கே அனுமதியில்லை. பாதை பொருந்தாதவரை சமிக்ஞை பச்சையாகாது. மின்சுற்று பழுதுபட்டால் சமிக்ஞை சிவப்பாகவே நிற்கும். அறியாமை ஏற்படின் மிகத் தீயதையே உண்மையெனக் கொள்க என்பது இவ்விதிகளின் உட்பொருள். ரயில் போக்குவரத்தின் பாதுகாப்பு இந்த உறுதியின்மீதே நிற்கிறது.

ஆனால் இதே விதியை யானைக்குப் பொருத்திப் பார்ப்போம். 'தடத்தில் யானை இல்லை என்பது உறுதிப்பட்டாலன்றி ரயில் செல்லலாகாது' என்று விதித்தால், காட்டில் அந்த உறுதி ஒருபோதும் கிட்டாது. இரவு முழுவதும் ரயில்கள் நிற்க நேரிடும். 'யானையைக் கண்ணால் கண்டாலன்றி ரயில் நிற்க வேண்டியதில்லை' என மாற்றி விதித்தாலோ, விபத்து நிகழ்ந்த பின்னரே விதி செயல்படும். ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகளை அறிந்த முறையில் 'இருக்கலாம்' என்பதற்கு இடமில்லை. 2025இல் அசாமில் விபத்து நிகழ்ந்த இடம் அறிவிக்கப்பட்ட யானை வழித்தடம் அன்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது. வரைபடத்தில் குறிக்கப்படாத இடத்தில் யானை வாராது என்பது தாளில் எழுதப்பட்ட விதி. யானை அதனைப் படிப்பதில்லை.

ஐயத்தை அளத்தல்

புதிய சான்று கிடைக்கும்போது முன்னைய மதிப்பீட்டை எவ்வாறு திருத்துவது என்பதைக் காட்டிய தாமஸ் பேய்ஸின் கட்டுரை, அவர் மறைந்தபின் 1763இல் வெளியாயிற்று. அம்முறையை நம் சிக்கலுக்குப் பொருத்துவோம். கீழ்க்காணும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. எந்தக் கருவியின் அளவீடும் அல்ல.

காட்டுப் பகுதியை இரவில் 10,000 முறை ரயில்கள் கடக்கின்றன எனக் கொள்வோம். அவற்றுள் 100 முறை தடத்தருகே யானை உள்ளது. யானை உள்ளபோது நூற்றுக்கு 95 முறை கருவி எச்சரிக்கிறது. யானை இல்லாதபோதும் நூற்றுக்கு 2 முறை, மாடு, லாரி, மழை முதலியவற்றால் தவறாக எச்சரிக்கிறது. அவ்வாறாயின் மெய்யான எச்சரிக்கைகள் 95. யானையில்லாத 9,900 முறைகளில் எழும் பொய் எச்சரிக்கைகள் 198. ஆக 293 எச்சரிக்கைகளில் மூன்றில் ஒரு பங்கே உண்மையானது. கருவி நூற்றுக்கு 95 திறமுடையது எனக் கேட்டவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். அரிதாக நிகழும் ஒன்றைத் தேடும் எந்தக் கருவிக்கும் இந்நிலையே நேரும்.

எனின் எச்சரிக்கையைப் புறக்கணிக்கலாமா? இங்குப் பொருளாதாரம் துணைக்கு வருகிறது. வேகத்தைக் குறைப்பதால் ஏற்படும் காலத்தாழ்வும் எரிசக்திச் செலவும் 1 அலகு எனவும், மோதலால் ஏற்படும் இழப்பு 200 அலகு எனவும் கொள்வோம். வேகத்தைக் குறைத்தால் மோதல் தவிர்க்கப்படும் எனவும் கொண்டால், யானை இருக்கும் வாய்ப்பு 200இல் 1ஐ விஞ்சியவுடன் வேகத்தைக் குறைப்பதே ஆதாயம். கருவியே இல்லாத காலத்தில் வாய்ப்பு 100இல் 1. அது வரம்பை விஞ்சுவதால் எல்லா ரயில்களும் மெதுவாகச் செல்ல வேண்டும். இரவு நேர வேகக் கட்டுப்பாடு பழமையான வழக்கமாயினும், அதன் உள்ளே இந்தக் கணக்கு மறைந்திருக்கிறது. எச்சரிக்கை எழுந்தபின் வாய்ப்பு மூன்றில் ஒன்று; பொய்யாக இருத்தற்கே இடம் மிகுதியெனினும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

இனி, எச்சரிக்கையைச் சரிபார்க்க ஒரு கேமரா உள்ளது எனக் கொள்வோம். அது யானையை நூற்றுக்கு 90 முறை காண்கிறது. இல்லாத யானையை நூற்றுக்கு 3 முறை இருப்பதாகக் காட்டுகிறது. கேமராவும் 'உண்டு' என்றால் வாய்ப்பு நூற்றுக்கு 93 ஆக உயர்கிறது. 'இல்லை' என்றாலோ 21இல் 1 ஆகக் குறைகிறது. 21இல் 1 என்பதும் 200இல் 1ஐ விஞ்சியதே. ஆதலின் கேமரா மறுத்தாலும் வேகம் குறைந்தே இருத்தல் வேண்டும். அவ்வாறெனில் கேமராவினால் பயன் யாது? ரயிலை முற்றிலும் நிறுத்தி, வனக் காவலர்களை அனுப்பி, பின்வரும் ரயில்களையும் தடுப்பது மிகுந்த செலவுடைய செயல். அதற்கு வேண்டிய வரம்பும் உயர்ந்தது. மெதுவாகச் செலுத்துவதா, நிறுத்துவதா என்பதைக் கேமராவின் சான்று தீர்மானிக்கிறது. ஒரு தகவலின் மதிப்பு, அது எந்த முடிவை மாற்ற வல்லது என்பதைப் பொறுத்ததே.

மௌனத்தின் பொருள்

கருவி மௌனமாக இருக்கும்போதுதான் அளவையியலும் நிகழ்தகவும் ஒன்றையொன்று வேண்டி நிற்பது தெளிவாகிறது. மேற்கண்ட கணக்கில் கருவி ஒலிக்காத முறைகள் 9,707. அவற்றுள் யானை இருந்தவை 5. ஏறத்தாழ ஈராயிரத்தில் ஒரு வாய்ப்பு. இது வரம்புக்கு மிகவும் கீழ்ப்பட்டது. எனவே ரயில் வழக்கமான வேகத்தில் செல்லலாம் எனக் கணக்கு கூறும்.

ஆனால் கருவி பழுதுபட்டும் மௌனமாக இருக்கலாம். மின்சாரம் தடைப்பட்டிருக்கலாம், வடம் அறுந்திருக்கலாம். இம்மௌனம் எதற்கும் சான்றன்று. 'கருவி நலமாக உள்ளது என்னும் செய்தி குறித்த இடைவெளியில் வந்துகொண்டிருந்தால் மட்டுமே மௌனத்தைச் சான்றாகக் கொள்க. வாராதாயின் பழைய மதிப்பீட்டிற்கே திரும்புக' என்னும் விதி தேவைப்படுகிறது. எண்ணை எப்போது நம்பலாம் என்பதை விதி கூறுகிறது. விதி தயங்கும் இடத்தில் எவ்வளவு நம்பலாம் என்பதை எண் கூறுகிறது.

சான்றுகள் ஒன்றையொன்று சாராதவையா என்பதும் இதனைப் போன்றதே. கண்ணாடியிழையும் கேமராவும் தனித்தனியே தவறிழைப்பன எனக் கொண்டே மேற்கண்ட பெருக்கல் செய்யப்பட்டது. இரண்டும் ஒரே மின்னிணைப்பில் இயங்கினால், அல்லது ஒரே பெருமழையால் பாதிக்கப்பட்டால், இரு சாட்சிகள் ஒரு சாட்சியாகிவிடுகின்றன. எது எதைச் சார்ந்தது என்னும் அமைப்பை வரைந்து காட்டி, அதன் வழியே நிகழ்தகவைக் கணக்கிடும் முறையை ஜூடியா பேர்ல் 1988இல் வெளியிட்ட நூலில் விரிவாக வகுத்தார். 2011ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

காலம் மற்றொரு சிக்கல். ஒன்பது மணிக்கு யானை காணப்பட்டது; ஒன்பதே காலுக்கு அது அங்கே உள்ளதா? ஒரு செயலால் எவை மாறுகின்றன என்று கூறுவது எளிது. எவை மாறாமல் நிற்கின்றன என்று கூறுவது கடினம் என்பதை மக்கார்த்தியும் ஹேஸும் 1969இலேயே சுட்டிக்காட்டினர். 'விலகிச் சென்றதாகச் செய்தி வரும்வரை யானை அங்கேயே உள்ளது' என்பது தூய விதி. நேரம் செல்லச் செல்ல அந்த நம்பிக்கை படிப்படியாகத் தளர வேண்டும் என்பது நிகழ்தகவின் கூற்று. மேலும், ஒரு யானை கடந்துவிட்டதால் கூட்டம் கடந்துவிட்டதாகாது. தாய் கடந்தபின் குட்டி பின்தங்கி நிற்கலாம். 'எந்தக் கூட்டமாயினும், அதன் ஓர் உறுப்பு தடத்தருகே காணப்பட்டால் ஏனையவும் அருகில் இருத்தல் கூடும்' என்பது எல்லாக் கூட்டங்களுக்கும் பொதுவான அளவையியல் வாக்கியம். 'கூடும்' என்பதன் அளவோ நிகழ்தகவு.

இத்தகைய வாக்கியங்களைக் கணிப்பொறிக்கு உணர்த்தும் முயற்சி நீண்ட வரலாறு உடையது. 1854இல் ஜார்ஜ் பூல் தம் நூலொன்றில் அளவையியலையும் நிகழ்தகவையும் ஒருங்கே ஆராய்ந்தார். 1970களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'மைசின்' என்னும் மருத்துவ நிரல், விதிகளுக்கு நம்பிக்கை எண்களைச் சேர்த்தது. எனினும் அவ்வெண்கள் நிகழ்தகவின் இலக்கணத்திற்கு முழுமையாகக் கட்டுப்பட்டவையல்ல. 1986இல் நில்சன் வாக்கியங்களுக்கே நிகழ்தகவு வழங்கும் அளவையியலை முன்வைத்தார். 1999இல் பாக்கஸ், ஹால்பெர்ன், லெவெக் ஆகிய மூவர், பிழைபடும் உணர்கருவிகளையும் உறுதியற்ற செயல்களையும் மக்கார்த்தியின் முறையினுள்ளேயே இணைத்துக் காட்டினர். 2006இல் ரிச்சர்ட்சனும் டொமிங்கோஸும் ஒவ்வொரு விதிக்கும் ஓர் எடையை அளித்து, மீறப்படும் விதி உலகை முடியாததாக்காமல் அரிதாக்கும் என்னும் கருத்தை வளர்த்தனர்.

எடையை நிர்ணயிப்பது யார்?

மேற்கண்ட கணக்கில் வரம்பை நிர்ணயித்தது எது என்பதை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். மோதலின் இழப்பை 200 அலகு எனக் கொண்டோம். அதனால் கருவி மௌனமாக உள்ளபோது வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம் என்னும் முடிவு வந்தது. மெதுவாகச் செல்லும் ரயில்கள் 10,000இலிருந்து 293 ஆகக் குறையும் என்பது பெரும் சிக்கனம். எனினும் கருவி காணத் தவறிய அந்த 5 முறைகள் காப்பின்றி விடப்படுகின்றன. அதே இழப்பை 2,000 அலகு எனக் கொண்டால் வரம்பு 2,000இல் 1 ஆகிறது. மௌனத்தின்போதுள்ள வாய்ப்பு 1,941இல் 1. அது வரம்பைச் சற்றே விஞ்சுகிறது. எனவே கருவி இருந்தும், அது மௌனமாக இருந்தும், வேகக் கட்டுப்பாடு தொடரவேண்டும். கருவி மாறவில்லை, காடு மாறவில்லை, விதிகளும் மாறவில்லை. எடை ஒன்றே மாறியது.

ஒரு பெண் யானை ஏறத்தாழ 22 மாதங்கள் கருவைச் சுமந்து ஒரு குட்டியை ஈனுகிறது. அதன் இழப்பை எத்தனை அலகு எனக் கொள்வது? கேரளத்தை நோக்கிச் செல்லும் பல நூறு பயணிகளின் அரைமணி நேரத் தாமதத்தை எத்தனை அலகு எனக் கொள்வது? தடம்புரண்டால் நேரக்கூடிய உயிரிழப்பை எவ்வாறு சேர்ப்பது? இவற்றிற்கு அளவையியலிலோ நிகழ்தகவிலோ விடையில்லை. கணிப்பொறி இவ்வெடைகளைத் தானே கண்டறிவதில்லை. யாரோ ஒருவர் நிரலில் எழுதுகிறார். எழுதப்படாவிடினும், எத்தனை உறுதிக்குமேல் ஒலி எழுப்புவது என ஒப்பந்தக்காரர் குறிக்கும் எண்ணுக்குள் அது மறைந்து கிடக்கும். பொய் எச்சரிக்கை மிகுதி என ஊழியர் சலிப்புற்று அவ்வெண்ணைச் சற்றே உயர்த்தினால், யானையின் மதிப்பு ஓசையின்றிக் குறைக்கப்பட்டதாகிறது.

ஆதலால் சில நெறிகள் இன்றியமையாதவை. முதலாவது, எச்சரிக்கை வரம்பை ரயில்வேயும் இரு மாநில வனத்துறைகளும் கூடி முடிவுசெய்து, காரணத்துடன் எழுத்தில் பதிவுசெய்தல் வேண்டும். இரண்டாவது, எழுந்த எச்சரிக்கைகளை மட்டுமன்றி, எழாது போனவற்றையும் கணக்கிடுதல் வேண்டும். காலடித் தடங்களையும் சாணத்தையும் நாள்தோறும் காணும் வனக் காவலர்களின் குறிப்பேடுகள் இதற்குச் சிறந்த சான்று. கருவியின் பிழை அளவை விற்பனையாளரின் விளக்கக் குறிப்பிலிருந்து கொள்ளாமல், அந்தந்தக் காட்டின் அனுபவத்திலிருந்தே பெறுதல் வேண்டும். மூன்றாவது, தன் கருவி நலமாக உள்ளதா என்பதை நிலைய அதிகாரி எந்நேரமும் அறியுமாறு அமைப்பு இருத்தல் வேண்டும். அறிய இயலாதபோது பழைய வேகக் கட்டுப்பாடு தானே நடைமுறைக்கு வருதல் வேண்டும். நான்காவது, புதிய கருவி பழைய காப்பிற்கு மாற்றாக வருகிறதா, அதற்குத் துணையாக வருகிறதா என்பதை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். முன்னையதாயின் சிக்கனமும், பின்னையதாயின் பாதுகாப்பும் முதன்மை பெறுகின்றன. இரண்டையும் ஒரே முதலீட்டின் முழுப் பயனாகக் காட்டுதல் கணக்கியலுக்கு ஒவ்வாது.

கஞ்சிக்கோட்டின் வழியே செல்லும் இவ்விருப்புப்பாதை, ஒரு சிறு நிலப்பரப்பில் நாட்டின் பெரிய வினாவைத் தாங்கி நிற்கிறது. வெள்ள எச்சரிக்கை, பயிர்க் காப்பீடு, நோய்த் தடுப்பு எனப் பல துறைகளில் கணிப்பொறியின் திட்டமிடல் நுழைந்துகொண்டிருக்கிறது. அவை ஒவ்வொன்றிலும் விதிகள் உண்டு, ஐயங்கள் உண்டு, எங்கோ ஓரிடத்தில் இழப்பின் எடையும் உண்டு. விதியையும் ஐயத்தையும் இணைக்கும் கலையை அறிவியல் அறிஞர்கள் நமக்கு அளித்துள்ளனர். எடையை நிர்ணயிக்கும் பொறுப்பு மக்களுக்கும் மக்களின் சார்பில் செயல்படும் நிர்வாகத்திற்கும் உரியது. அப்பொறுப்பை அறிந்து ஏற்று, எழுத்தில் பதிந்து, அனுபவத்தால் திருத்திக்கொள்வதே நல்ல திட்டமிடலுக்கு அடையாளமாகும்.